பலா மரத்துச் சிலந்தியும் மகள் கழுத்துக் கொப்புளமும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் மலையடிவாரக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். கணவர் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகிறவர். வீட்டில் மாமியாரும் இரண்டாம் வகுப்பு படிக்கும் மகளும் இருக்கிறார்கள். வீட்டின் பின்புறம் பலா மரத்துக்கும் துணி காயப்போடும் கம்பத்துக்கும் நடுவே ஒரு மாதமாகப் பெரிய சிலந்தி ஒன்று வலை கட்டியிருக்கிறது. காலோடு சேர்த்தால் உள்ளங்கையை விடப் பெரிது. கறுப்பு உடலில் மஞ்சள் கோடுகள். வெயில் பட்டால் வலை பொன்னிறமாக மின்னுகிறதாம். அதே வலையில் சிவப்பாகச் சில குட்டிகளும் இருக்கின்றன என்கிறார்.

ஐப்பசி மழை பிடித்த பிறகு ஒரு நாள் காலையில் மகளின் கழுத்தில் பிரம்பால் இழுத்தது போலச் சிவந்த கோடு. மறுநாள் அந்தக் கோட்டின் மேலேயே சிறு கொப்புளங்கள். சில மஞ்சளாகச் சீழ் கோத்தது போல. கூடவே இடது முழங்கை மடிப்பிலும் மேலே ஒன்று, கீழே ஒன்று. மாமியார் பார்த்துவிட்டு, "எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பெய்திருக்கிறது" என்றார். ஊரில் ஒரு வைத்தியர், சிலந்தி விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது, 41 நாள் மீனும் முட்டையும் ஆகாது என்று பத்தியம் சொல்லியிருக்கிறார். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கும் போன வாரம் இடுப்பில் இதே சிலந்தி விஷம் வந்ததாம். மற்ற பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளும் என்று பள்ளியில் அனுப்ப வேண்டாம் என்கிறார்கள். கணவரோ, தோட்டத்துக்கு வாங்கிய பூச்சிமருந்தை வீட்டைச் சுற்றி அடித்துவிடலாம் என்று நிற்கிறார். "இந்தச் சிலந்தி ஆபத்தானதா டாக்டர்? விஷம் பிள்ளையின் உடம்பில் தங்கிவிடுமா? மருந்து அடிக்கலாமா?" என்று கேட்கிறார். போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறார்: "மழை நாளில் திண்ணை டியூப்லைட்டைச் சுற்றி ஒரே பூச்சி. மகள் அதன் கீழேதான் வீட்டுப்பாடம் எழுதுவாள். பூச்சிக்காகத்தான் சிலந்தியும் வருகிறதோ என்னவோ."

அன்புள்ள சகோதரி,

நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்தக் கடைசி வரியைத்தான் நான் முதலில் பிடித்துக்கொண்டேன். அதற்கு வருகிறேன். அதற்கு முன், அனுப்பிய இரண்டு படங்களுக்கு நன்றி. படத்தை மட்டும் வைத்து நோயைத் தீர்த்துச் சொல்வது என் வழக்கமில்லை. ஆனால் தோல் மருத்துவராக மழைக்காலம்தோறும் இதே கோட்டை இதே இடத்தில் பார்த்துக்கொண்டிருப்பதால், பெரும்பாலும் என்னவாக இருக்கும் என்று சொல்ல முடியும். பலா மரத்துச் சிலந்திக்கும் இந்தக் கொப்புளத்துக்கும் சம்பந்தம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அந்தச் சிலந்தி யார்?

நீங்கள் விவரித்திருப்பது பெரிய மரச்சிலந்தி. நெஃபிலா பிலிப்பெஸ் என்பது அறிவியல் பெயர். சக்கரம் போல ஆரக்கால் இழுத்து வட்ட வலை பின்னும் சிலந்திகளின் கூட்டத்தைச் சேர்ந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் மழைக்காலத்தில் இதைப் பார்க்காதவர் குறைவு. பெண் சிலந்தியின் உடல் மட்டும் 3 முதல் 5 சென்டிமீட்டர் இருக்கும். காலை நீட்டினால் ஒரு கையளவு. வலை ஒரு மீட்டருக்கு மேல் போகும். இழைக்கே பொன்னிறம் உண்டு, நீங்கள் பார்த்தது வெயிலின் மாயமில்லை.

அதே வலையில் இருக்கும் சிவப்புக் குட்டிகள் குட்டிகள் அல்ல. அவை ஆண் சிலந்திகள். வளர்ந்து முடிந்த ஆணே 5, 6 மில்லிமீட்டர்தான். பெண் தன் முட்டைகளை வலையில் வைப்பதில்லை. கீழே இறங்கி மண்ணில் சின்னக் குழி பறித்து இட்டு, சருகு போட்டு மூடிவிடும். எனவே சுவரில், சன்னலில் பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கும் முட்டைப்பைகளைப் பார்த்து, இதன் குஞ்சுகள் வீடு முழுக்கப் பெருகப்போகின்றன என்று பயப்பட வேண்டாம். அவை வேறு சிலந்திகளுடையவை.

ஒரு நாள் காலை பத்து நிமிடம் ஒதுக்கி, மகளையும் கூட்டிக்கொண்டு, இரண்டடி தள்ளி நின்று பாருங்கள். தலை கீழாக, வலையின் நடுவுக்குச் சற்று மேலே அசையாமல் இருக்கும். எட்டுக் கண் இருந்தும் பார்வை மங்கல்தான். காலடியில் இழை அதிர்வதை வைத்துத்தான் அதற்கு உலகம் தெரிகிறது. ஒரு காய்ந்த புல்லால் வலையின் ஓரத்தை லேசாகத் தொட்டால் உடம்பைக் குலுக்கும், இல்லையென்றால் மேலே ஏறி ஒதுங்கும். துரத்தி வந்து கடிக்கிற பிராணி இல்லை அது. வலையை விட்டு இறங்கினால் தரையில் தடுமாறும். உங்கள் மகள் இரவில் படுத்திருக்கும் அறைக்கு வந்து, போர்வைக்குள் புகுந்து, கழுத்தில் கோடு போட்டுவிட்டு, விடிவதற்குள் பலா மரத்துக்குத் திரும்புவதற்கு அதற்கு வழியே இல்லை.

கடிக்கவே கடிக்காதா என்றால், கடிக்கும். கையில் பிடித்து நசுக்கினால், உடைக்கும் உடம்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் கடிக்கும். விஷமும் உண்டு, அது பூச்சியை முடக்கப் போதுமானது. மனிதருக்கு என்ன செய்யும்? ஒரு பால்வெட்டுத் தொழிலாளி, உங்கள் கணவரைப் போல, விடிகாலையில் தலைவிளக்கோடு போனவர், வலைக்குள் முகத்தைக் கொடுத்துவிட்டுப் பதறி வழித்து எறியும்போது காதோரம் கடி வாங்கி என்னிடம் வந்தார். குண்டூசி குத்திய மாதிரி ஒரு தடயம், சுற்றி எட்டணா அகலத்துக்குச் சிவப்பு, குளவி கொட்டியதை விடக் குறைந்த வலி. மாலைக்குள் வலி போய், மறுநாள் சிவப்பும் மறைந்தது. பெரும்பாலும் இவ்வளவுதான் நடக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் வைத்து, வலித்தால் ஒரு பாராசிட்டமால் போட்டுக்கொண்டால் போதும்.

ஆஸ்திரேலியாவில் மருத்துவர்கள் 750 சிலந்திக்கடிகளை எடுத்து, கடித்த சிலந்தியையும் கையோடு பிடித்து இன்னதென்று உறுதி செய்துகொண்டு, நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2002-ல் ஆய்வை வெளியிட்டார்கள். வட்ட வலைச் சிலந்திகளின் கடியும் அதில் நிறைய உண்டு. 750-ல் ஒன்றுகூட அழுகிப் புண்ணாகவில்லை. கைபேசியில் வரும், சதை அழுகிக் குழி விழுந்த படங்களைப் பார்த்துத்தான் பலரும் மிரள்கிறார்கள். அந்தப் படங்களோடு சேர்த்துப் பேசப்படும் பிரௌன் ரெக்லூஸ், அமெரிக்காவின் நடு, தென் மாநிலங்களில் வாழும் வேறு குடும்பத்துச் சிலந்தி. வட்ட வலை கட்டி வெளியில் தொங்கும் வழக்கம் அதற்கு இல்லை.

நம் மலைப்பக்கத்தில் எச்சரிக்கையோடு இருக்க வேண்டிய சிலந்தி ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். மரப்பொந்தில் வாழும் ரோமம் அடர்ந்த புலிச்சிலந்தி. அது கடித்தால் கடும் வலியும், தசைப்பிடிப்பும் வரும். பிடிப்பு சில நாள் விட்டுவிட்டு இருக்கலாம். அதற்கு மருத்துவமனைக்குப் போக வேண்டும். பொந்துக்குள் கை விட்டால்தான் அதைச் சந்திப்பீர்கள்.

அப்படியானால் கழுத்தில் வந்தது என்ன?

இப்போது டியூப்லைட்டுக்கு வருவோம். மழை விட்ட இரவுகளில் வெளிச்சத்துக்கு வரும் பூச்சிகளில், எறும்பு போலத் தோன்றும் ஒரு சின்ன வண்டு இருக்கும். ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. தலை கறுப்பு, கழுத்து ஆரஞ்சு, நடுவில் நீலக் கறுப்பு, பிறகு மறுபடி ஆரஞ்சு, வால் நுனி கறுப்பு. நடக்கும்போது வாலைத் தூக்கிக்கொள்ளும். பெடரஸ் என்று பெயர். ஆசிட் பூச்சி என்று சிலர் சொல்வது இதைத்தான். வயல்களில் பயிரைத் தின்னும் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் வண்டு. இது கடிக்காது, கொட்டாது. ஆனால் கழுத்தில் ஊர்வதை உணர்ந்து நாம் தேய்த்து நசுக்கினால், அதன் உடல் நீரில் உள்ள பெடரின் என்ற நச்சு தோலில் படும். உடனே எதுவும் தெரியாது. ஒரு நாள், ஒன்றரை நாள் கழித்துத்தான் எரிச்சல் தொடங்கும். கை இழுத்த திசையிலேயே கோடு விழும். அதனால்தான் பிரம்படி மாதிரி இருக்கிறது. அந்த நீர் முழங்கை மடிப்பில் பட்டு, கையை மடக்கும்போது எதிர்ப்பக்கமும் ஒட்டும். மேலும் கீழும் ஒரே அச்சில் இரண்டு கொப்புளம். உங்கள் மகளின் படத்தில் இந்த இரண்டும் அப்படியே இருக்கின்றன.

வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த பிள்ளை கழுத்தில் ஏதோ ஊர்கிறதென்று தட்டிவிட்டிருப்பாள். அவளுக்கு ஞாபகம்கூட இருக்காது. ஒரு நாள் கழித்துக் கொப்புளம் வரும்போது வண்டு எங்கேயோ போயிருக்கும். கண்ணெதிரே நிற்பது பலா மரத்துச் சிலந்திதான். பழியும் அதன் மேல் விழுகிறது.

உங்கள் மாமியாரைக் குறை சொல்ல மாட்டேன். நம் மொழியிலேயே சிலந்தி என்ற சொல்லுக்குப் பூச்சி என்றும் பொருள், கட்டி, கொப்புளம் என்றும் பொருள். காலில் புழு வரும் நோயைக்கூட நரம்புச்சிலந்தி என்றுதான் சொன்னார்கள்; அது குடிநீர் வழியாக வந்த புழு, 1996-க்குப் பிறகு இந்தியாவில் ஒருவருக்கும் வரவில்லை. பெயர் ஒன்றாக இருந்ததால் தோலில் வரும் எல்லாவற்றுக்கும் பூச்சியே காரணம் என்று தலைமுறைகளாக நம்பிவந்திருக்கிறோம். சிலந்தியின் கழிவு, பறவை எச்சத்தின் வெள்ளைப் பகுதியைப் போல ஒரு சொட்டு. அது பட்டால் தோல் வேகாது.

பிள்ளைக்கு இப்போது செய்ய வேண்டியது

பட்ட இடத்தைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு மென்மையாகக் கழுவுங்கள். அந்த நாள் போட்டிருந்த சட்டை, தலையணை உறை எல்லாவற்றையும் துவைத்துவிடுங்கள். குளிர்ந்த நீரில் நனைத்த சுத்தமான துணியை ஒரு நாளைக்கு நாலைந்து முறை வையுங்கள். கொப்புளத்தைக் கிள்ள வேண்டாம். சுண்ணாம்பு, பற்பசை, எருக்கம்பால் எதுவும் வேண்டாம். வெந்த தோலை அவை இன்னும் வேக வைக்கும். மெடிக்கலில் கேட்டு நாலு மருந்து கலந்த களிம்பு வாங்கிப் போடும் பழக்கம் நம் ஊரில் அதிகம். கழுத்துத் தோல் மென்மையானது, அதுவும் குழந்தைக்கு. என்ன களிம்பு, எத்தனை நாள் என்பதை நேரில் பார்க்கும் மருத்துவர் சொல்லட்டும். மிதமான ஸ்டீராய்டு களிம்பு சில நாளுக்குத் தேவைப்படலாம்.

பொதுவாக ஒன்று முதல் மூன்று வாரத்தில் உரிந்து ஆறிவிடும். பழுப்புத் தடம் சில மாதம் இருந்து மெல்ல மங்கும், அதைக் கண்டு கவலைப்படாதீர்கள். கண் சிவந்து வீங்கினால், காய்ச்சல் வந்தால், சிவப்பு பரவிக்கொண்டே போனால், சீழ் அதிகமானால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கண் விஷயத்தில் தாமதம் கூடவே கூடாது. கழுத்தைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்க விடாதீர்கள்.

விஷம் ரத்தத்தில் தங்குமா என்று கேட்டிருந்தீர்கள். இது தோலின் மேல்பரப்பில் பட்ட காயம். உள்ளே போய்த் தங்க எதுவும் இல்லை, இறக்க வேண்டிய விஷமும் இல்லை. எனவே பத்தியமும் வேண்டாம். ஏழு வயதுப் பிள்ளைக்கு 41 நாள் மீனையும் முட்டையையும் நிறுத்துவதால்தான் இழப்பு. புண் ஆறுவதற்கே புரதம் வேண்டும். இன்றைக்கே ஒரு முட்டை கொடுங்கள். மாமியாரிடம் வாதம் செய்ய வேண்டாம். "டாக்டர் எழுதியிருக்கிறார், மத்தி மீன் கொடுத்தால் சீக்கிரம் ஆறுமாம்" என்று சொல்லுங்கள். பேத்தி நன்றாக வேண்டும் என்பதுதானே அவர் எண்ணமும்.

இது ஒட்டுநோய் இல்லை. பள்ளிக்கு அனுப்பலாம். ஆசிரியை ஏற்கவில்லை என்றால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிள்ளையைக் காட்டி ஒரு சீட்டு வாங்கிக் கொடுங்கள்.

பக்கத்து வீட்டுப் பெரியவர்

கடிதத்தில் எனக்கு மிகுந்த கவலை தந்தது இவர்தான். இடுப்பில் ஒரு பக்கம் மட்டும், பட்டையாக, முதுகுத்தண்டிலிருந்து வயிறு வரை கொப்புளம், அதுவும் கொப்புளம் வரும் முன்பே இரண்டு மூன்று நாள் எரிகிற வலி என்றால், அது அக்கி. சின்ன வயதில் வந்த சின்னம்மையின் வைரஸ் நரம்பில் உறங்கிக் கிடந்து வயதான பிறகு எழுந்து வருவது. நம் பக்கத்தில் மண்பானை செய்கிறவர்களிடம் போய்க் காவி எழுதிக்கொள்வார்கள். காவி குளிர்ச்சியாக இருக்கலாம், வைரஸை அது ஒன்றும் செய்யாது.

அக்கிக்கு மாத்திரை இருக்கிறது. கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். அவருக்கு அந்த நேரம் கடந்துபோயிருக்கும், ஆனாலும் இன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போகச் சொல்லுங்கள். அக்கி ஆறிய பிறகும் மாதக்கணக்கில் வலிக்கலாம். அதற்கும் மருந்து உண்டு. சர்க்கரை நோய் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுவது நல்லது. புதுக் கொப்புளம் காயும் வரை, சின்னம்மை வராத குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த இடத்தைத் தொடாமல் இருக்கட்டும். சிலந்தி விஷம் என்று விட்டுவிட்டதால் இவர் இழந்திருப்பது அந்த மூன்று நாட்களை.

இதை விடப் பெரிய இழப்பையும் பார்த்திருக்கிறேன். தரையில் பாய் போட்டுத் தூங்கியவர் விடிகாலை வயிற்று வலியோடு எழுந்தார். காலில் கொசு கடித்தது போல ஒரு புள்ளி. வீட்டார் எட்டுக்கால் பூச்சி என்று மஞ்சள் அரைத்துப் போட்டார்கள். எட்டு மணிக்கு இமை சொருகத் தொடங்கியது, ஒன்பது மணிக்குப் பேச்சு குழறியது. கடித்தது கட்டுவிரியன். அதன் கடி பல நேரம் வலிக்காது, வீங்காது, பல் தடமும் சரியாகத் தெரியாது. நல்ல வேளையாக மூச்சு நிற்கும் முன் கொண்டுவந்துவிட்டார்கள். எனவே உங்கள் வீட்டில் இது சட்டமாக இருக்கட்டும்: தூக்கத்தில் எதுவோ கடித்து, அதன்பின் வயிற்று வலி, வாந்தி, இமை தொங்குதல், விழுங்கச் சிரமம், நாக்குக் குழறல் இவற்றில் ஒன்று இருந்தாலும் யார் கடித்தது என்று ஆராயாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். பாம்புக்கடிக்கான மருந்து அரசு மருத்துவமனையில் இருக்கும். தரையில் படுப்பதை நிறுத்த முடியாவிட்டால் கொசுவலையை விரிப்புக்கு அடியில் நன்றாகச் செருகிப் படுங்கள்.

மருந்து அடிக்கலாமா?

வேண்டாம். உங்கள் கணவரிடம் இதை என் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள். தோட்டத்துக்கு அடிக்கும் பூச்சிமருந்துகளில் பல, மனிதரின் நரம்பையும் தாக்குபவை. மூச்சில் போனாலும் தோலில் பட்டாலும் உள்ளே போகும். எச்சில் வழிதல், வியர்வை, கண்பாவை சுருங்குதல், மூச்சுத் திணறல் என்று வந்த குழந்தைகளை அவசரப் பிரிவில் பார்த்திருக்கிறேன். கிணற்றடியிலும் துணிக்கொடியிலும் அதை அடிப்பதற்கு, சிலந்தி அங்கேயே இருப்பது எவ்வளவோ மேல். இன்னொன்று: மருந்து சிலந்தியைக் கொன்றுவிடும், மழை இரவில் வெளிச்சத்தைத் தேடி வயலிலிருந்து புதிதாக வரும் வண்டுகளை அது தடுக்காது. மருந்துப் புட்டியைப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள். பழைய குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைத்திருந்தால், தயவுசெய்து அதை இன்றைக்கே மாற்றுங்கள்.

செய்ய வேண்டியது திண்ணையில்தான். மழைக்காலம் முடியும் வரை மகள் உள்ளே உட்கார்ந்து எழுதட்டும், சன்னலுக்குக் கொசுவலை அடியுங்கள். திண்ணை விளக்கு தேவையான நேரத்துக்கு மட்டும் எரியட்டும். வெள்ளை வெளிச்சத்துக்குப் பதில் மஞ்சள் பல்பு போட்டால் பூச்சி வரத்து குறையும். உடம்பில் எது ஊர்ந்தாலும் தேய்க்காமல் ஊதிவிடவோ, ஒரு தாளில் ஏறவிட்டு உதறவோ அவளுக்குப் பழக்குங்கள். நசுக்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். இரவில் கொடியில் கிடந்த துணியை உதறிவிட்டுப் போடுங்கள். சிறிய வட்ட வலைச் சிலந்திகள் அதில் ஒதுங்கியிருப்பதுண்டு.

இனி பலா மரத்துக்காரி. நடக்கும் வழிக்கு வெளியே இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். சில மாதத்தில் அதன் காலம் தானாக முடிந்துவிடும். துணிக்கொடியில் இழை இடிக்கிறது, பிள்ளை முகத்தில் படுகிறது என்றால், கம்பத்தில் கட்டியிருக்கும் இழைகளை மட்டும் ஒரு நீளக் கழியால் அறுத்துவிடுங்கள். அங்கே தொடர்ந்து தொந்தரவு இருந்தால் இடம் மாற்றிக்கொள்ளும். உடனே மாற்ற வேண்டுமென்றால், அகலமான வாளியைக் கீழே பிடித்து, ஈர்க்குமாறால் மேலிருந்து மெதுவாக இறக்கி, ரப்பர் தோட்டத்தின் ஓரத்தில், ஆள் நடக்காத இரண்டு மரத்துக்கு நடுவே விட்டுவிடலாம். கையில் துணி சுற்றிக்கொண்டு, காலை வெளிச்சத்தில் செய்யுங்கள். உங்கள் கணவருக்கு இது ஐந்து நிமிட வேலை. பால்வெட்டுக்குப் போகும்போது ஒரு குச்சியை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நடக்கவும் சொல்லுங்கள்.